உப்பிட்ட நகரம்

ரொறன்ரோவில் ஒரு தமிழர் ஜனவரி மாதத்தில் சைக்கிள் ஓடினால் நம்மவர்கள் மூன்று காரணங்களைத்தான் ஒப்புக்கொள்வார்கள்: லைசென்ஸ் பறிபோய்விட்டது, வீட்டுக்கடன் முற்றிவிட்டது, அல்லது மூளை கழன்றுவிட்டது. "பிடித்துத்தான் ஓடுகிறேன்" என்று நாலாவதாக ஒன்றைச் சொல்லிப் பார்த்தேன். அதை மூன்றாவதோடு சேர்த்துக்கொண்டார்கள். ஒரு கல்யாண வீட்டில் மாமி ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "தம்பி, காசு கஷ்டமெண்டால் வெக்கப்படாமல் சொல்லும். இவரின்ரை பழைய கொறோலா ஒண்டு சும்மாதான் நிக்குது" என்றார்.

எல்லோரும் விசாரிப்பது குளிரைப் பற்றி. குளிர் ஒரு பிரச்சினையே இல்லை. உழக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் உடம்பு சூடேறிவிடும். தடித்த ஜக்கெட் போட்டுக்கொண்டு போனால் வேர்வையில் தோய்ந்துதான் வேலைக்குப் போய்ச் சேரலாம். விரலும் காதும் மட்டும் தனிக் கவனிப்புக் கேட்கும். விரலுக்கென்று ஹாண்டிலிலேயே மாட்டும் பெரிய உறைகள் கிடைக்கின்றன. அவற்றை மாட்டினால் சைக்கிள் குத்துச்சண்டைக்குப் புறப்பட்டது போலிருக்கும். மாமிக்கு இன்னும் இரக்கம் பெருகும். பெருகட்டும்.

உண்மையான எமன் உப்பு. ஒன்ராறியோவின் கோடரிச் என்ற ஊரில், ஹூரோன் ஏரிக்குக் கீழே அரைக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில், உலகின் மிகப்பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் யாருக்கும் தொல்லை கொடுக்காமல் கிடந்த உப்பு. அதை வெட்டியெடுத்து, லொறியில் ஏற்றி, பனியை உருக்கவென்று வீதி வீதியாகத் தூவி, கடைசியில் என் செயினில் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். ஆனையிறவு உப்புத் தின்று வளர்ந்தவனுக்கு உப்பு புதிதில்லை. கடற்காற்றில் யாழ்ப்பாணத்துச் சைக்கிளும் துருப்பிடிக்கும்தான். ஆனால் ஆறுதலாக, வருஷக்கணக்கில், மரியாதையோடு பிடிக்கும். இங்கே வெள்ளி இரவு துடைக்காமல் விட்ட செயின் திங்கள் காலை செம்மஞ்சளாக நிற்கும். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமாம். இரவில் பழந்துணியும் எண்ணெயுமாகக் குந்தியிருந்து நான் இந்த நகரத்தை நினைக்காத நாளில்லை.

அதனால் என் கணக்கில் மைனஸ் 15 நல்ல நாள். அந்தக் குளிரில் சாதாரண உப்பு அவ்வளவாக வேலை செய்யாது. வீதி காய்ந்து கிடக்கும், இறுகிய பனி ரயருக்குக் கீழே முறுமுறுக்கும். பூச்சியத்தை ஒட்டிய நாள்தான் நாசம். பனியும் உப்பும் கூழாகி கியருக்குள் புகுந்து, இரவு குளிர் கூடியதும் கல்லாகிவிடும். பின்சில்லின் நடுவே, பெடலை மிதிக்கும்போது சில்லைக் கவ்விப் பிடிக்கும் சின்ன நாக்குகள் இருக்கின்றன. கடுங்குளிரில் கிறீஸ் இறுகி அவை ஒட்டிக்கொண்டால் கால் சுற்றும், சைக்கிள் அசையாது. இது பெரும்பாலும் பஸ் தரிப்பிடத்துக்கு நேரே, பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் நடக்கும். விஷயம் தெரிந்தவர்கள் வின்ரருக்கென்று கியரில்லாத பழைய சைக்கிள் ஒன்றைத் தனியாக வைத்திருப்பார்கள்.

ஆணி பதித்த ரயர் ஐஸில் நன்றாகப் பிடிக்கும். ஈரமான ஸ்ட்றீற்கார் தண்டவாளத்தில் அதன் ஜம்பம் பலிக்காது. செங்கோணமாகக் கடக்க வேண்டும், பிறேக்கைத் தொடக்கூடாது. பூட்டு உறைந்துவிட்டதென்று சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள். அந்தத் தண்ணீரும் சேர்ந்து உறையும்.

சைக்கிளை வீட்டுக்குள் வைப்பதா வெளியிலா என்பது குடும்பங்களைப் பிரிக்கக்கூடிய கேள்வி. குளிரில் உப்பு மெதுவாகத்தான் இரும்பை அரிக்கும்; ஹீற்றர் சூட்டில் ஐஸ் உருகி அரிப்பு வேகமெடுக்கும். கழுவித் துடைக்காத சைக்கிளுக்கு பல்கனிதான் உத்தமம். என் மனுசி இரசாயனம் படிக்காமலே, கம்பளத்தைப் பார்த்த மாத்திரத்தில் இதே முடிவுக்கு வந்திருந்தார்.

ஸ்காபரோவில் இன்னும் சிலர் காரைப் பக்கத்தில் மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து, கண்ணாடியை இறக்கி, "ஏறுங்கோ" என்கிறார்கள். நல்ல மனம்தான். ஆனால் ஒன்ராறியோவில் சைக்கிளைக் கடக்கும் கார் இயன்றவரை ஒரு மீட்டராவது தள்ளிப் போகவேண்டும் என்பது 2015 முதல் சட்டம். தயவுசெய்து அந்த ஒரு மீட்டருக்கு அப்பால் நின்று இரக்கப்படுங்கள்.