எண்காட்டியில் 23: ஃபிலிம் கேமரா விற்பனை தள்ளிப்போவது குறித்த ஓர் ஆய்வு

பீரோவின் மேல்தட்டில் மூன்று பொருள்கள் ஒருபோதும் இடம் மாறுவதில்லை: கல்யாண ஆல்பம், காலாவதியான பாஸ்போர்ட், ஃபிலிம் கேமரா. முதல் இரண்டையும் விற்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. மூன்றாவதன்மீது மட்டும் ஆண்டுக்கொரு முறை, போகிக்கு முந்தைய வாரத்தில், விசாரணை நடக்கிறது. தீர்ப்பும் ஆண்டுதோறும் ஒன்றுதான்: “அப்புறம் பாத்துக்கலாம்.” இந்த ‘அப்புறம்’ என்பது எத்தனை காலம், அது எங்கே குடியிருக்கிறது என்று கண்டறிவதே இவ்வாய்வின் நோக்கம்.

கள ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வீடு மேற்கு மாம்பலத்தில், இரண்டாவது மாடியில் இருக்கிறது. வீட்டுக்காரர் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மேல்தட்டில் மூன்று கேமராக்கள். மூத்தது அவருடைய அப்பா வாங்கிய ஆக்ஃபா கிளிக் 3. வடோதராவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் செய்தது. 120 ரோலில் சதுரம் சதுரமாகப் 12 படம். முதுகிலுள்ள சிவப்புக் கண்ணாடி வழியே எண்ணைப் பார்த்துப் பார்த்துத் திருக வேண்டும். ஊட்டியில் மத்திய அரசு 1960இல் நிறுவிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ ரோலைத் தின்று வளர்ந்த பிள்ளை அது. இரண்டாவது, பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய யாஷிகா எலக்ட்ரோ 35. மூன்றாவது, பென்டாக்ஸ் கே1000. 1976 முதல் 1997 வரை ஏறக்குறைய முகம் மாறாமல் வந்துகொண்டிருந்த மாடல். பேட்டரி செத்தாலும் படம் எடுக்கும். வீட்டுக்காரர் இதைச் சொல்லும்போதெல்லாம் குரலில் ஒரு மரியாதை ஏறும்.

இவ்விடத்தில் மேனாட்டார் கொள்கை ஒன்றைச் சுட்ட வேண்டும். கானமன், நெட்ச், தேலர் என்ற மூவர் 1990இல் வெளியிட்ட ஆய்வு அது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிப் பேருக்குக் காப்பிக் குவளை ஒன்றைச் சும்மா கொடுத்து, என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள்; குவளை கிடைக்காதவர்களிடம் என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்றார்கள். விற்பவர் நடுவிலை 5.25 டாலர் அளவில் நின்றது. வாங்குபவர் இரண்டேகாலிலிருந்து இரண்டேமுக்காலுக்குள் முடித்துக்கொண்டார். நம் கைக்கு வந்த பொருள் வந்த நிமிடமே விலை ஏறிவிடுகிறது என்பது கொள்கை. கானமனுக்கும் தேலருக்கும் பின்னாளில் நோபல் கிடைத்தது. மாம்பலத்து வீட்டில் இதே உண்மையை வீட்டம்மா எந்தப் பரிசும் எதிர்பாராமல் சொல்லிவருகிறார்: “இவர் சொல்ற விலைக்கு இவரே திரும்ப வாங்குவாரான்னு கேளுங்க.”

ஆயினும் குவளைக் கொள்கையை அப்படியே கேமராவுக்குப் பொருத்த முடியாது. அந்தக் குவளை யாருடைய காதுகுத்துக்கும் போனதில்லை.

சந்தை நிலவரமும் தீர்ப்புக்கு உதவவில்லை. கான்டாக்ஸ் டி2 என்ற சின்னக் கேமரா 1990இல் வந்தது. 2017இல் கெண்டல் ஜென்னர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் தன்னிடம் அது இருப்பதைக் காட்ட, அதன் விலை எகிறியது. 2022இல் லைக்காவின் தொடக்ககால மாதிரிகளுள் ஒன்று, லைக்காவை வடிவமைத்த ஆஸ்கர் பார்னாக் தாமே வைத்திருந்தது, 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. 2024இல் பென்டாக்ஸ் நிறுவனம் 17 என்ற பெயரில் புதிதாகவே ஒரு ஃபிலிம் கேமராவை வெளியிட்டது. இச்செய்திகள் மூன்றையும் வீட்டம்மாவின் தம்பி படித்துவிட்டு, “அத்திம்பேர், விலை ஏறியிருக்கு, இப்பவே வித்துடுங்கோ” என்றார். அதே மூன்றையும் வீட்டுக்காரர் படித்துவிட்டு, “ஏறிண்டிருக்கு, இப்பப் போய் விப்பாளா?” என்றார். ஒரே சான்று இரு கட்சிக்கும் சாட்சி சொல்வது தமிழ் உரையாசிரியர் மரபுக்குப் புதிதல்ல. ஆகவே இவ்வாய்வு மேலே செல்கிறது.

திணைப் பாகுபாட்டில் வைத்துப் பார்த்தால் ஃபிலிம் கேமரா ஐயமற முல்லை. உரிப்பொருள், இருத்தலும் இருத்தல் நிமித்தமும். போனவர் வருவார் என்று பீரோவுக்குள் காத்திருப்பதே அதன் ஒழுக்கம். பெரும்பொழுது கார். கார்காலத்தில் காட்டில் முல்லை பூக்கும். லென்ஸில் பூஞ்சை பூக்கும். உரையாசிரியர்கள் கணக்கில் கார் என்பது ஆவணியும் புரட்டாசியும். சென்னைக் கேமராவுக்கு அது ஐப்பசி, கார்த்திகைக்குத் தள்ளிப்போகிறது, அவ்வளவே. கருப்பொருள்களாக அந்துருண்டை, சிலிக்கா ஜெல் பொட்டலம், தோலுறை ஆகியவற்றைக் கொள்ளலாம். இவற்றுள் தோலுறைதான் வில்லன். பத்திரமாக இருக்கட்டும் என்று அதில் போட்டு மூடுகிறார்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சைக்குப் பந்தி விரிக்கிறது. பூஞ்சை சிலந்தி வலைபோலக் கண்ணாடிமேல் படரும். கசியும் அமிலம் லென்ஸின் பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது. காற்றும் வெளிச்சமும் பட, அவ்வப்போது வெளியே எடுத்துப் புழங்குவதே மருந்து. பொத்திப் பொத்தி வைத்த கேமரா கெட்டு, ஊர் சுற்றிய கேமரா பிழைக்கும் அநியாயம் இத்துறையில் உண்டு.

(விற்றுவிட்டவர் நெய்தலுக்குக் குடிபெயர்கிறார். அங்கே உரிப்பொருள் இரங்கல். அது தனி ஆய்வுக்குரியது.)

விற்பதென்று முடிவானால் பொருள் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமல்லவா? கடந்த போகிக்கு முந்தைய ஞாயிறன்று யாஷிகா சோதனை நடந்தது. அதற்கு வேண்டிய 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது தயாரிப்பிலேயே இல்லை. பாதரசம் நஞ்சென்று உலகமே நிறுத்திவிட்டது. வீட்டுக்காரர் 6 வோல்ட் பேட்டரி ஒன்றை வாங்கி, சமையலறை அலுமினியத் தாளைச் சுருட்டி இடைவெளியில் திணித்தார். ஷட்டர் பொத்தானை அரைவாசி அழுத்தியதும் மேலே மஞ்சள் விளக்கு எரிந்தது. வெளிச்சம் குறைவு, ஷட்டர் மெதுவாகத் திறக்கும் என்று அதற்குப் பொருள். வீட்டில் எல்லாரும் ஒருமுறை எட்டிப்பார்த்தார்கள். பிறகு அவர் கேமராவைக் காதோரம் வைத்து லீவரைத் தள்ளினார். இந்த மாடலில் லீவரை ஓட்டும்போது உள்ளே ‘டொக்’ என்று ஓர் ஓசை வர வேண்டும். வராவிட்டால் உள்ளேயிருக்கும் சிறு ரப்பர்த் துண்டு மட்கிவிட்டது, ஷட்டர் வேகம் இனி நம்பத்தக்கதல்ல. மூன்று முறை தள்ளினார். மூன்று முறையும் தெருவில் போன தண்ணீர் லாரிதான் கேட்டது.

ஆக யாஷிகா சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. ஆக்ஃபா அப்பாவுடையது என்பதால் பட்டியலிலேயே சேரவில்லை. மிஞ்சியது பென்டாக்ஸ். அதில் பூஞ்சையில்லை, பழுதில்லை. ஆனாலும் அது 2014 முதல் விற்கப்படாமலே இருக்கிறது. இங்கேதான் ஆய்வின் மையக் கண்டுபிடிப்பு வருகிறது: அதற்குள் பாதி ரோல் இருக்கிறது.

பாதி ரோல் என்பது நீதிமன்றத் தடையாணைக்குச் சமம். பின்கதவைத் திறந்தால் வெளிச்சம் பட்டுப் படம் போய்விடும். திறக்காவிட்டால் வாங்குபவர் ஷட்டர் திரையையும் கதவோர நுரைப்பட்டையையும் பார்க்க முடியாது. பார்க்காமல் யாரும் காசு கொடுக்கமாட்டார்கள். பாதியிலேயே பின்னோக்கிச் சுற்றி ரோலை வெளியே எடுக்கலாமே என்பாரும் உளர். அஃது அமையாது. இன்று ஒரு கலர் ரோலை வாங்கி, கழுவி, ஸ்கேன் எடுத்து வாங்க ஆயிரம் ரூபாய்க்குமேல் ஆகிறது. எண்காட்டி 23இல் நிற்க, மீதி 13 படத்தைத் தூக்கி எறிய மாம்பலத்தில் யாருக்கும் மனம் வராது.

36 படத்தை முடிப்பது லேசான வேலையுமல்ல. கோடாக் நிறுவனம் தயாரித்த கடைசி கோடாகுரோம் ரோல் 2010இல் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரி கைக்குப் போனது. அதை முடிக்க அவர் நியூயார்க்கில் ராபர்ட் டி நீரோவில் தொடங்கி, இந்தியாவில் நடிகர்களையும் ராஜஸ்தானத்து ரபாரி மக்களையும் எடுத்து, துருக்கி போய், கான்சஸ் மாநிலத்துப் பார்சன்ஸ் ஊரில் நிறுத்தினார். கடைசியாக அந்த ரோலைக் கழுவியதும் அங்கேதான். எதிர்முனையில் இன்னொரு புகைப்படக்காரர், காரி வினோகிராண்ட். 1984இல் அவர் இறந்தபோது எடுத்து முடித்தும் கழுவாத ரோல்கள் மட்டும் சுமார் 2,500 கிடந்தன. மாம்பலத்துக்காரர் இருவருக்கும் நடுவே நிற்கிறார். 23 படம் எடுத்துவிட்டார், கழுவவும் இல்லை, முடிக்கவும் இல்லை.

அந்த 23இல் என்ன இருக்கிறது என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு உண்டு. மச்சினி மகள் கல்யாணத்தில் போட்ட ரோல் என்பதுவரை ஒப்புதல். பந்தியில் அத்தை பாயசத்தை இலையில் விட்டு வழித்துச் சாப்பிட்ட படம் 17ஆவது என்கிறார் வீட்டம்மா. 19 என்கிறார் வீட்டுக்காரர். அத்தை அடுத்த வருஷமே போய்விட்டார். கழுவாத ஃபிலிமில் உருவம் கண்ணுக்குத் தெரியாமல் பதிந்திருக்கும். சூட்டிலும் ஈரத்திலும் ஆண்டுக்காண்டு மங்கவும் செய்யும். இதை ஆய்வாளர் எடுத்துச் சொன்னபோது இருவரும் சற்று நேரம் பேசவில்லை.

கடந்த மாதம் வேளச்சேரியிலிருந்து கட்டடக்கலை படிக்கும் பையன் ஒருவன் பென்டாக்ஸைப் பார்க்க வந்தான். விலை தொலைபேசியிலேயே படிந்துவிட்டது. கேமராவைக் கையில் வாங்கியவன் முதல் வேலையாக ரீவைண்டு பிடியை மெல்லத் திருகினான். கால் சுற்றில் இறுகி நின்றது.

“அங்கிள், உள்ள ரோல் இருக்கு போல.”

“இருக்குப்பா. பதிமூணு படம் பாக்கி.”

“சுத்தி எடுத்துக் குடுத்துடுங்க அங்கிள். நானே லேப்ல குடுத்துக் கழுவித் தரேன்.”

“பதிமூணும் வீணாப் போகுமேப்பா.”

“அந்தப் பதிமூணையும் செவுத்தப் பாத்து எடுத்துட்டுக் குடுங்களேன்,” என்றது சமையலறை.

வீட்டுக்காரர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. பையனை பால்கனிப் பக்கம் நாற்காலியில் உட்காரவைத்தார். முகத்தில் வெயில் பாதி விழும்படி இடப்பக்கம் கொஞ்சம் திரும்பச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, பிறகு வேண்டாம் போட்டுக்கோ என்றார். மூச்சைப் பிடித்து ஃபோகஸ் வளையத்தை இப்படியும் அப்படியுமாக இரண்டு முறை திருப்பினார். ‘கிளாக்’ என்றது பென்டாக்ஸ். லீவரைத் தள்ளி, எண்காட்டியைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். 24.

பையன் காப்பி குடித்துவிட்டு, ரோல் முடிந்ததும் ஒரு போன் பண்ணச் சொல்லிக் கிளம்பினான்.