வால் இல்லாதவன் பால் கறந்தால்

பரிணாம வளர்ச்சியில் மனிதன் வாலை இழந்ததைப் பெரிய முன்னேற்றம் போலச் சொல்கிறார்கள். அப்படிச் சொல்பவர்களில் ஒருவர்கூட விடியற்காலையில் மாட்டுக்கொட்டகையில் குந்திப் பால் கறந்தவராக இருக்க முடியாது.

முழங்கால்களுக்கு நடுவே செம்பு, இரண்டு கையிலும் காம்பு. இந்த நிலைமை கொசுவுக்கு எப்படித்தான் தெரியுமோ, அவசரமே படாது. காதோரம் ஒரு சுற்றுப் பாடிவிட்டு, இடம் பார்த்து உட்காரும். கையை எடுத்தால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும்; உடம்பை உதறினால் செம்பு கவிழும். கடிப்பது பெண் கொசு மட்டும்தான், முட்டை வைக்க அதற்கு ரத்தம் வேண்டும் என்கிறது அறிவியல். பிள்ளைத்தாய்ச்சிக்குத்தானே கொடுக்கிறோம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். கெண்டைக்கால் தேறாது.

1897இல் செகந்திராபாத்தில் மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள உறவைத் துப்பறிந்த ரொனால்ட் ராஸ், ஒரு நோயாளியைக் கொசுக்களுக்குக் கடிக்கக் கொடுத்து, கடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா வீதம் கூலி தந்தார். அந்தக் கணக்கில் எனக்கு வந்திருந்தால் இந்நேரம் பால் கறக்க ஆள் வைத்திருப்பேன்.

சாக்கடைக் கொசு இரவுப் பணி முடித்துக் கிளம்பும்போதே, காலில் வெள்ளைப் பட்டை போட்ட ஏடிஸ் பகல் பணிக்கு வந்துவிடும். வெயில் ஏறினால் மாட்டு ஈ. கொசுவாவது நாசூக்காக ஊசி போடுகிறது. மாட்டு ஈ தோலை அறுத்து, ஊறுகிற ரத்தத்தை நக்குகிறது. மாட்டுக்கு அது வந்து உட்கார்ந்தது தெரிந்ததும் வாலைச் சுழற்றி ஒரு வீசு. ஈ பறந்துவிடும், வால் மட்டும், அதில் ஒட்டியிருக்கும் சாணியோடு, என் கன்னத்தில் வந்து முடியும். விரட்டப்பட்ட ஈ எங்கே போகும்? பக்கத்திலேயே வால் இல்லாத பிராணி ஒன்று குந்தியிருக்கிறதே!

வாலுக்குப் பதிலாக மனிதன் கண்டுபிடித்ததை எல்லாம் பார்த்தாயிற்று. நொச்சியும் வேப்பிலையும் போட்டு மூட்டம் போட்டால் கொசு போகும், உண்மைதான். ஆனால் புகைக்கு நான் உட்காரும் பக்கம்தான் பிடிக்கும். கண்ணீரும் மூக்குமாகக் கறந்துகொண்டிருந்தபோது பால் வாங்க வந்த பெரியம்மா, "யாருக்குடா தம்பி, என்ன ஆச்சு?" என்று பதறிப்போனார். அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கிய டீட் கலந்த களிம்பு நன்றாகவே வேலை செய்கிறது. அதைத் தடவிய கையோடு காம்பைத் தொட முடியாது என்பதுதான் சிக்கல். அந்த ராணுவத்தில் யாரும் பால் கறக்கவில்லை போலும். கொசு மட்டைக்கு மூன்றாவது கை வேண்டும். உருப்படியானது மின்விசிறி. கொசு பறப்பதில் சோப்ளாங்கி, காற்றுக்கு நிற்காது. நம் மூச்சுக்காற்றை மோப்பம் பிடித்துத்தான் அது வருகிறது. விசிறி அதையும் கலைத்துவிடும். ஆனால் எங்கள் ஊர்க் கரண்டுக்கும் கொசுக்களுக்கும் ஏதோ உடன்படிக்கை இருக்கிறது.

ஜப்பானில் கறுப்பு மாடுகளின் உடம்பில் வரிக்குதிரை போல வெள்ளைக் கோடு போட்டுப் பார்த்தார்கள். ஈ உட்காருவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 2019இல் வெளிவந்த இந்த ஆய்வுக்கு 2025இல் 'இக் நோபல்' பரிசு கிடைத்தது. சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கிற ஆய்வுகளுக்குத் தரும் பரிசு அது. நான் சிரிக்கவில்லை. நேராகச் சுண்ணாம்பு கரைக்கப் போனேன்.

வீட்டுக்காரி திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள்: "மாட்டுக்குக் கோடு போட்டா, மிச்ச ஈயெல்லாம் எங்கே போய் உட்காரும்னு நினைக்கிறீங்க?"

சுண்ணாம்பைத் தென்னைமரத்துக்கு அடித்துவிட்டேன். இப்போது கடைவீதியில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட பனியன் தேடிக்கொண்டிருக்கிறேன். என் அளவுக்குக் கிடைக்கவில்லை, குழந்தைகளுக்குத்தான் வருகிறதாம்.