100 கிராம் தனிக்கறி

ஞாயிற்றுக்கிழமை காலை. கறிக்கடை வரிசையில் என் முறை வந்ததும், "பாய், 100 கிராம் தனிக்கறி" என்றேன். வெட்டிக்கொண்டிருந்த கத்தி நின்றது. இருபது வருடமாக என்னிடம் "ஒண்ணா, ஒன்றரையா?" என்று மட்டுமே கேட்ட மனிதர் அவர். "வீட்ல நாய் வளக்குறீங்களா சார்?"

நான் வளர்த்தது கிரியேட்டினின். நெடுநாள் சர்க்கரை என் கிட்னியைக் கெடுத்து, ரத்தத்தில் அதை 2.1-க்கு ஏற்றிவிட்டிருந்தது.

கறிக்கே முழுக்குப் போடச் சொல்வார்கள் என்று பயந்துதான் டயட்டீஷியனிடம் போனேன். பேத்தி வயதுப் பெண். "டயாலிசிஸ் இல்லாததால, உங்களுக்கு எடையில கிலோவுக்கு 0.8 கிராம். நீங்க 62 கிலோ. ஒரு நாளைக்கு 50 கிராம்" என்றாள். என் முகம் தொங்கிவிட்டது. "அது புரதக் கணக்கு சார். 100 கிராம் கறியில 20 கிராம் புரதம்தான் இருக்கும்."

மனசு சட்டென்று பெருக்கிப் பார்த்தது. கால் கிலோ கறி! சிரித்தபடி எழுந்தேன். அவள் உட்காரச் சொல்லி, பேனாவை எடுத்து இட்லி, சோறு, சாம்பார், மோர் என்று ஒவ்வொன்றாகக் கழித்தாள். இட்லிக்குள் புரதம் ஒளிந்திருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கடைசியில் மிஞ்சியது 20. அதுதான் பாயிடம் நான் கேட்ட 100 கிராம்.

எதிர்வீட்டு அண்ணாச்சிக்கு மனசு கேட்கவில்லை. "கிட்னிக்குக் கிட்னிதான் மருந்து. ஆட்டுக் கிட்னி ரெண்டு வறுத்துத் தின்னுங்க, சரியாப்போயிரும்" என்றார். டயட்டீஷியன் கொடுத்த தாளில் முதல் தடையே ஈரலும் கிட்னியும்தான். அவற்றில் பாஸ்பரஸ் அதிகம். பழுதான சிறுநீரகத்தால் அதைச் சரியாக வெளியேற்ற முடியாது. கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் உப்புக்காகத் தடைப் பட்டியலுக்குள் போயின. முட்டையில் வெள்ளை எனக்கு, மஞ்சள் என் மனைவிக்கு.

100 கிராம் கறி வெந்து சுருங்கி, ஆறு துண்டாகத் தட்டுக்கு வந்தது. இஞ்சி, பூண்டு, மிளகு தாராளம். உப்பு மட்டும் பேருக்கு. பக்கத்தில் பேரன் நல்லி எலும்பை உறிஞ்சினான். சத்தத்தில் பாஸ்பரஸ் கிடையாது. ஆசை தீரக் கேட்டேன்.

"டயாலிசிஸ் ஆரம்பிச்சுட்டா புரதத்தைக் கூட்டணும்" என்று அந்தப் பெண் சொன்னபோது என் கண் மின்னியதை மனைவி பார்த்துவிட்டாள். "ரெண்டு துண்டு கறிக்காக வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை ஊசி குத்திக்கணுமா?" வாயை மூடிக்கொண்டேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இது என் எடைக்கும் என் ரத்தத்துக்கும் போட்ட கணக்கு. உங்கள் கணக்கை உங்கள் மருத்துவரிடம் போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இருந்தால், வருடம் ஒருமுறை கிரியேட்டினினையும் சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் கிட்னி வலித்துச் சொல்லாது. எனக்கு ரிப்போர்ட்தான் சொன்னது.