மலிவு கார்டு, மழைக் காற்று: வாசகர் கேள்வி-பதில்

கே: பரணில் கிடந்த 486 கம்ப்யூட்டரைத் திறந்தேன். நெட்வொர்க் கார்டில் ‘என்இ2000 கம்பாட்டிபிள்’ என்று இருக்கிறது. எந்தக் கம்பெனி சரக்கு? (செங்கோட்டை வாசகர்)

ப: எந்தக் கம்பெனியாகவும் இருக்கலாம். அதுதான் அதன் பெருமை! அசல் என்இ2000-ஐ 1980-களின் பிற்பகுதியில் கொண்டுவந்தது நாவெல். கார்டு விற்றுக் காசு பார்ப்பது அவர்கள் நோக்கம் இல்லை. தங்கள் நெட்வேர் மென்பொருள் விற்க வேண்டும், அதற்குக் கார்டு விலை இறங்க வேண்டும். நேஷனல் செமிகண்டக்டரின் டிபி8390 சிப்பை வைத்து எளிமையாகச் செய்தார்கள். தைவான்காரர்கள் அதைப் பார்த்து அதே மாதிரி செய்து குவித்தார்கள். அட்டையில் எந்தப் பெயர் இருந்தாலும் ஒரே டிரைவர் போதும். விண்டோஸ் 95, லினக்ஸ் இரண்டும் அந்த டிரைவரைக் கையோடு கொண்டுவந்தன. சின்ன ஊர் அலுவலகங்களுக்கு இது பெரிய உபகாரம்.

கே: 3காம் உசத்தியா, மலிவு கார்டே போதுமா? (தென்காசி வாசகர்)

ப: ஸ்லாட்டைப் பார்த்துச் சொல்கிறேன். ஐஎஸ்ஏ ஸ்லாட் என்றால், கிடைத்தால் 3காம் 3சி509-ஐ விடாதீர்கள். பாக்கெட் முழுவதும் கார்டுக்குள் வந்து சேரும்வரை காத்திராமல், முன்பகுதி வந்ததுமே கேபிளில் அனுப்பத் தொடங்கிவிடும். மலிவு என்இ2000-இல் ஒரு தொல்லை உண்டு. அதன் வழக்கமான ஐஆர்க்யூ (பிராசசரைக் கூப்பிடும் மணி) எண் 3. காம்2 போர்ட்டுக்கும் அதே 3. அந்தப் போர்ட்டில் உள்ள மோடமும் கார்டும் ஒரே நாற்காலிக்கு அடித்துக்கொள்ளும். ஜம்பரை மாற்றிப் போட்டால் சண்டை தீரும்.

பிசிஐ ஸ்லாட் என்றால் ரியல்டெக் 8139. அனுப்பும் பாக்கெட் நான்கு பைட் எல்லையில்தான் தொடங்க வேண்டும் என்று அடம்பிடிக்கும். வரும் பாக்கெட்டுகளை எல்லாம் ஒரே பஃபரில் கொட்டிவிடும். இரண்டு பக்கமும் நகலெடுக்கும் வேலை பிராசசர் தலையில். ஃப்ரீபிஎஸ்டிக்கு இதன் டிரைவரை எழுதிய பில் பால், அந்த நிரலுக்குள்ளேயே இந்தக் குறையைக் காரமாக எழுதி வைத்தார். அவர் சொன்னது நியாயம். ஆனாலும் பென்டியம் 2 வைத்திருப்பவர் பில் அடிக்கவும் பிரிண்டரைப் பகிரவும் 8139 தாராளம்.

கே: கார்டில் வட்டமான பிஎன்சி வாய் இருக்கிறது. வீட்டில் கேபிள் டிவி வயர் சும்மா கிடக்கிறது. போடலாமா? (இலஞ்சி வாசகி)

ப: வேண்டாம் அம்மா. டிவி வயர் 75 ஓம், இதற்கு வேண்டியது 50 ஓம் ஆர்ஜி-58. பார்க்க அண்ணன் தம்பி போல இருந்தாலும் சிக்னல் எதிரொலித்துக் குழம்பிவிடும். வயரின் இரு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர் கட்டாயம். ஒன்றைக் கழற்றினால் மொத்த லைனும் படுத்துவிடும். கார்டில் ஆர்ஜே-45 வாயும் இருந்தால் யோசிக்காமல் அதற்கு மாறுங்கள்.

கே: சாரல் சீசன் வந்தால் கார்டு மக்கர் பண்ணுகிறது. மலிவு என்பதாலா? (குற்றாலம் வாசகர்)

ப: ஆரியங்காவுக் கணவாய் வழி வரும் ஈரக் காற்று விலை பார்ப்பதில்லை. ஆனால் தங்க முலாம் கஞ்சத்தனமாகப் பூசிய கார்டு சீக்கிரம் கறுக்கும். பவர் வயரைப் பிடுங்குங்கள். கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டுக் கார்டைக் கழற்றுங்கள். கீழ் விளிம்பில் வரிசையாக இருக்கும் மஞ்சள் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மேலிருந்து கீழாக மெல்லத் தேயுங்கள். அழுத்தினால் முலாமும் போய்விடும். ரப்பர் துகளைத் துடைத்து, ஸ்லாட்டில் நேராக அமுக்கி, ஸ்குரூவை முடுக்குங்கள். பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

கே: மத்தளம்பாறை ஜோஹோவுக்கும் நெட்வொர்க்குக்கும் சம்பந்தம் உண்டா? (கடையம் மாணவர்)

ப: உண்டு தம்பி. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது, நெட்வொர்க் சாதனங்களை நிர்வகிக்கும் மென்பொருள்தான் அவர்கள் தொழில். தென்காசிப் பக்கம் வந்தது 2011-இல்.

கே: இந்தக் கார்டுகளைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடலாமா? (மேலகரம் வாசகர்)

ப: போடாதீர்கள். பெரிய சிப்பின் மேல் உள்ள எண்ணை ஒரு தாளில் எழுதி, கார்டோடு ரப்பர் பேண்டில் கட்டி, பக்கத்துப் பாலிடெக்னிக் ஆய்வகத்தில் கொடுங்கள். ஜம்பரைக் கையால் மாற்றிப் பார்க்கும் பிள்ளைக்கு ஐஆர்க்யூ என்றால் என்னவென்று ஒரே நாளில் புரிந்துவிடும்.