பொதி பிரித்தலும் திரும்பக் கட்டலும்: முட்டுக்காட்டை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

லினக்ஸ் கணினியின் துவக்கப் பொதியைப் பிரித்து, திருத்தி, மறுபடி கட்டும் கலையின் வரலாறு குறித்து அறிஞரிடையே சண்டையே இல்லை. யாரும் கவலைப்படாததே காரணம். அக்குறையைப் போக்க எழுந்தது இக்கட்டுரை.

‘இனிட்ஆர்டி’ என்னும் துவக்கப் பொதி ஏற்பாட்டை வெர்னர் ஆல்மஸ்பெர்கரும் ஹான்ஸ் லெர்மனும் எழுதி விளக்கிய ஆண்டு 1996. அதே 1996 டிசம்பரில்தான் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. புதுப்பள்ளியில் 1850இல் கட்டிய சிரியன் கிறித்தவர் வீடு கேரளத்தில் பிரிக்கப்பட்டு, அங்கே கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மறுபடி எழுந்து நிற்கிறது. ஒரே ஆண்டு, ஒரே தொழில். தற்செயல் என்பாரும் உளர். ஆய்வு மனம் இல்லாதோர் எனத் தள்ளுக.

பொதி எதற்கு எனின், விழித்தெழும் கர்னலுக்கு வட்டைத் திறக்க டிரைவர் வேண்டும். அந்த டிரைவரோ வட்டுக்குள் கிடக்கிறது. ஆகவே பூட்லோடர், கர்னலோடு ஒரு சிறு கோப்பமைப்பையும் நினைவகத்தில் இறக்கிவிடுகிறது. 2.6 கர்னல் முதல் அது சிபிஐஓ காப்பகம். டார் வடிவம் இருக்க இது ஏன் என்று கேட்டவர்கள் உண்டு. கர்னல் நிரலர் ஆல் விரோ சிபிஐஓ பக்கம் நின்றார், வழக்கு முடிந்தது.

தமிழகத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டோ? உண்டு. 2011 முதல் அரசு தந்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸ் லினக்ஸும் குடியிருந்தது. டெபியனிலிருந்து அதை உருவாக்கியது சென்னை சி-டாக். எனவே மாணவர் பைதோறும் ஒரு பொதி இருந்ததென்க. அதைப் பிரித்துப் பார்த்தவர் எத்தனை பேர் என்று கண்டறிய நிதி கேட்டு விண்ணப்பிக்கலாம்.

இனிப் பிரித்தல். மைக்ரோகோடு நிறுவிய இன்டெல் கணினியின் பொதியை அப்படியே சிபிஐஓவிடம் கொடுத்தால், மைக்ரோகோடு கோப்பு மட்டும் வெளியே வரும். திண்ணையைப் பிரித்ததும் வீடே இவ்வளவுதான் என்று லாரியைக் கிளப்புவோர் இங்குப் பலர். முன்னால் இருப்பது சுருக்கப்படாத தனிக் காப்பகம். முதன்மைக் காப்பகம் சுருக்கப்பட்டு அதன் பின்னே ஒட்டியிருக்கும். டெபியன் வழியினருக்கு இரண்டையும் பிரித்துத் தர ‘அன்எம்கேஇனிட்ராம்எஃப்எஸ்’ என்னும் கருவி உண்டு. அப்பெயரை ஒரே மூச்சில் சொல்பவருக்கு முனைவர் பட்டமே தரலாம்.

பிரிப்பதை யாரும் செய்வர்; கட்டும்போதுதான் சாயம் வெளுக்கும். பிரித்த அடைவுக்கு வெளியே நின்று கட்டினால், முதலில் ஓடவேண்டிய ‘இனிட்’ ஒரு கட்டு உள்ளே தள்ளிப்போகும். கர்னல் அதை வாசலில் தேடும், காணாது, ரூட்டை மவுண்ட் செய்ய முடியவில்லை என்று அலறிப் ‘பேனிக்’ ஆகும். ‘நியூசி’ வடிவம் என்று சொல்லாமல் கட்டினால் சிபிஐஓ தன் பழைய வடிவத்தில் கட்டித்தரும். கர்னல் அதைத் தீண்டாது. எக்ஸ்இசட் கொண்டு சுருக்குவோர் சிஆர்சி32 சரிபார்ப்பைக் கேட்டு வாங்க வேண்டும். கோப்புகளின் உரிமையோ ரூட் பயனர் பெயரில் இருக்க வேண்டும். பட்டா பார்க்காமல் எதையும் தொடாத கிழக்குக் கடற்கரைச் சாலையில் இதை விளக்கத் தேவையில்லை.

பூர்வபட்சி கேட்பார்: தட்சிணசித்ரா வீடு நிற்கிறது, பொதி நிற்கிறதா? இல்லைதான். உண்மையான ரூட் கோப்பமைப்பு கிடைத்ததும் ‘ஸ்விட்ச்ரூட்’ பொதியின் கோப்புகளையெல்லாம் அழித்து, நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குடிபெயர்கிறது. இந்த இடத்தில் ஒப்புமை நொண்டும். ஒப்பாய்வுகளில் அது மரபே.

திருத்துமுன் பழைய பொதிக்கு ஒரு நகலெடுத்து, வேறு பெயரிட்டு, கிரப் பூட்லோடரின் பட்டியலில் அதற்கும் ஒரு வரி விட்டுவைப்பது உத்தமம்.

எஞ்சியது ஆண்ட்ராய்டின் பூட் இமேஜ். கர்னலும் ராம்டிஸ்க் என்னும் பொதியும் பெரும்பாலும் ஒரே கோப்பில் அடைந்திருக்கும் அதை மாற்றி ஏற்ற, முதலில் பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்தால் போனில் உள்ளதெல்லாம் அழிந்துபோகும். ஆய்வாளரின் போனில் கல்யாணப் படங்கள் இருப்பதால் அவ்வியல் இங்கு இடம்பெறவில்லை.