மஸ்கட் சாரின் என்.ஓ.சி.

அரியாங்குப்பத்தில் மஸ்கட் சாரைத் தெரியாதவர்கள் கம்மி. மஸ்கட்டுக்குத்தான் அவரை அவ்வளவாகத் தெரியாது. அங்கே அவர் இருந்தது மொத்தம் 14 மாதம்.

ஊருக்கு ஊர் இப்படி ஒருவர் இருப்பார். வெளிநாட்டுக்கு வாத்தியார் வேலைக்குப் போய், ஒப்பந்தம் பாதியில் இருக்கும்போதே இன்னொரு பள்ளி நாலு காசு கூடத் தருகிறது என்று தாவப் பார்த்து, இரண்டு பள்ளிக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில் விழுந்து, ஊர் வந்து சேர்ந்து, அந்தப் பள்ளத்தைப் பற்றியே பாடம் நடத்துகிறவர். எங்கள் ஊர்ப் பதிப்பு கணக்கு வாத்தியார். கடலூர் சாலை டீக்கடை பெஞ்சின் ஓரம்தான் அவருக்கு ஆசிரியர் அறை. ஓரம் என்பது முக்கியம். பஸ்ஸில் படிக்கட்டுக்குப் பக்கத்து சீட், கல்யாணப் பந்தியில் கடைசி இலை. எங்கே உட்கார்ந்தாலும் எழுந்து போகிற வழியைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

2017 ஏப்ரலில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் போனார். மறு வருஷம் சலாலாவில் ஒரு பள்ளி 40 ரியால் கூடத் தருவதாகச் சொன்னது. அன்றைய விலைக்கு ஆறாயிரத்துச் சொச்சம். அப்போது ஓமானில் இருந்த விதிப்படி, பழைய முதலாளி ‘எனக்கு ஆட்சேபனை இல்லை’ என்று என்.ஓ.சி. என்கிற ஒரு தாள் எழுதித் தர வேண்டும். தராவிட்டால் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். புது வேலை விசாவில் திரும்பி வர இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். சார் போய்க் கேட்டார். பள்ளி நிர்வாகி காபி கொடுத்து, பேரீச்சம்பழம் கொடுத்து, அன்பாகவே சொன்னாராம்: “ஆட்சேபனை இல்லைன்னுதானே எழுதணும்? எனக்குத்தான் இருக்கே சார்!”

அங்கே தங்குவதற்கான அட்டையான பத்தாக்காவைக் கேன்சல் செய்து அனுப்பிவிட்டார்கள். அவருடைய இரண்டு வருஷம் முடிந்த 2020 ஜூனில் கொரோனா. வழக்கமான விமானமே ஓடவில்லை. 2021 ஜனவரி 1-ஆம் தேதி ஓமான் அந்தத் தாளையே ஒழித்துவிட்டது. ஒப்பந்தம் முடிந்தவன் யாரையும் கேட்காமல் அடுத்த இடத்துக்குப் போகலாம். கத்தார் 2020-லேயே இன்னும் தாராளம்: இரண்டு வருஷம் வரை வேலை பார்த்தவன் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு நடுவிலேயே கிளம்பலாம், அதற்கு மேல் பார்த்தவனுக்கு இரண்டு மாதம். இதையெல்லாம் சார் ஒப்பிக்கும்போது, பந்தியிலிருந்து எழுந்து கை கழுவின பிறகு பாயசம் வந்ததைப் பார்த்தவன் முகம் மாதிரி இருக்கும்.

போன மாதம் பி.எட். முடித்த ஒரு பெண்ணுக்கு மாலத்தீவில் வேலை கிடைத்து, அவள் அப்பா ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வந்தார். சார் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

“சம்பளம் முதல் பக்கத்துல இருக்கு சார்.”

“சம்பளம் கெடக்குது பா. வெளிய வர்றது எப்படின்னு போட்டுருக்கான் பாரு. நோட்டீஸ் எத்தினி மாசம், நடுவுல கெளம்புனா டிக்கெட் காசு யாரு தர்றது, சர்டிபிகேட் ஒரிஜினலை யாரு வெச்சிக்கிறது. இதைக் கேட்டியா?”

அந்த அப்பா ஒப்பந்தத்தை மடித்துக்கொண்டு, எல்லைச்சாமி முன்னால் நிற்பது போல நின்றார். இதில் மட்டும் சாரைக் கேலி செய்ய எனக்கு மனம் வருவதில்லை. ஏஜென்ட் யாரும் சொல்லாததை இந்த மனுஷன் ஒரு டீக்குச் சொல்கிறார். அதுவும் கடன் டீ.

உலக சரித்திரமே அவருக்கு விசா சரித்திரம்தான். பக்கத்தில் அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோமாபுரியோடு நடந்த வியாபாரத்தின் தடயங்களை வெளியே எடுத்த இடம். சார் கேட்பது ஒரே கேள்வி: “ரோமாக்காரன் இங்க வந்தானே, அவனுக்கு யாரு ஸ்பான்சர்?” புதுச்சேரி இந்தியாவோடு சட்டப்படி சேர்ந்த 1962 ஆகஸ்ட் 16-ஐச் சொன்னால் அவர் முகம் மலரும். பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று அந்த உடன்படிக்கையில் இருந்தது. “பாத்தியா? ஆறு மாசம் நோட்டீஸ் பீரியட்! ஒரு கவர்மெண்டே என்.ஓ.சி. குடுத்துட்டுப் போயிருக்கு. நம்ம ஆளு ஒரு தாளு தரல.” இங்கிருந்தும் காரைக்காலிலிருந்தும் ரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் ஐந்து வருட ஒப்பந்தத்தில் கரும்பு வெட்டக் கப்பலேறியவர்களைப் பற்றி ஒருநாள் நான் சொன்னேன். சார் ரொம்ப நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவங்க யாருகிட்ட போய் தாளு கேட்டிருப்பாங்க?” என்றார். அன்று அதற்கு மேல் பேசவில்லை.

பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது, அது இந்திய அரசாங்கத்தின் சொத்து என்று பெஞ்சு தட்டிப் பேசுவார். அவருடையது மனைவியின் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. சாவி அந்த அம்மாவின் இடுப்பில். புதுப்பிக்க வேண்டும் என்று ஒருமுறை கேட்டாராம். “எதுக்கு?” என்று ஒரு வார்த்தைதான் பதில் வந்ததாம். அதை எதிர்த்து எந்தத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போவது?

போன வாரம்தான் பெரிய விஷயம் நடந்தது. எதிர்ப்பக்கம் புது டீக்கடை திறந்தார்கள். ஏலக்காய் டீ, கண்ணாடி டம்ளர், தலைக்கு மேல் மின்விசிறி. பழைய கடையில் பாதி டீயை வைத்துவிட்டு சார் எழுந்தார். கடலூர் பஸ் ஒன்று போகும்வரை நின்று, சாலையைத் தாண்டினார். நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

புதுக் கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே கேட்டார்: “சார், நீங்க அண்ணன் கடை ஆளாச்சே?”

“அதனால?”

“பாக்கி இருக்குன்னு கேள்விப்பட்டேன். தப்பா நெனைக்காதீங்க. அண்ணன் ஒரு வார்த்தை சொல்லிட்டாருன்னா போட்டுத் தந்துடறேன்.”

அவர் அண்ணன் என்று சொன்ன எங்கள் பழைய கடை மாஸ்டர் இந்தப் பக்கத்திலிருந்து கணக்கு நோட்டைத் தூக்கிக் காட்டினார். 340 ரூபாய்.

சார் திரும்பி வந்து அதே ஓரத்தில் உட்கார்ந்தார். வைத்துவிட்டுப் போன பாதி டீ ஆடை படிந்து அங்கேயே இருந்தது. அதை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

“அந்தச் சட்டமெல்லாம் எடுத்தாச்சு மாஸ்டர், தெரியுமா?”

“எந்த ஊர்ல சார்?” என்றார் மாஸ்டர், நோட்டை மூடாமல்.