நாற்காலிக்கு ஓர் எச்சரிக்கைச் சீட்டு வேண்டி விண்ணப்பம்

வாஷிங்டன் நகரில் கொலுவீற்றிருக்கும் அமெரிக்க தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் கனம் பொருந்திய சமுகத்துக்கு,

சக்கரங்களின் மேல் வீடு வைத்துக்கொண்டு, கோடையில் வட மாநிலங்களிலும் குளிர்காலத்தில் அரிசோனாப் பாலைவனத்துக் குவார்ட்ஸைட்டிலுமாகக் காலட்சேபம் செய்து வரும் ஓய்வூதியக்காரர்களுள் ஒருவனாகிய நான், தங்கள் விதிகளின் கண்டிப்பையும் என் சாய்வு நாற்காலியின் சுதந்திரத்தையும் ஒருங்கே எண்ணி வியந்து எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

1966ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வாகனப் பாதுகாப்புச் சட்டத்தின் வழிவந்து, 1970இல் தனி ஸ்தாபனமாக உருப்பெற்ற தாங்கள், ஆசன விஷயத்தில் காட்டியிருக்கும் சிரத்தையை நான் அறியாதவனல்லன். வாகனத்தில் மனிதர் அமர்ந்து செல்லும் இருக்கையானது, தன் எடையைப்போல் 20 மடங்கு விசை முன்புறமோ பின்புறமோ இழுத்தாலும் இடம் பெயராமல் நிற்க வேண்டும் என்பது தங்கள் 207ஆம் விதி. இடுப்பை மட்டும் சுற்றும் பெல்ட் பூட்டப்பட்டிருக்கும் இடம் 5,000 பவுண்டு இழுப்பைத் தாங்க வேண்டும் என்பது 210ஆம் விதி. ஆகவே 40 கிலோ எடையுள்ள ஒரு நாற்காலி, தானே ஓடும் மோட்டார் ஹோமில் பிரயாணியின் ஆசனம் என்னும் அந்தஸ்தைப் பெற வேண்டுமானால், 800 கிலோ பாரத்துக்கு ஈடான இழுப்பை எதிர்த்து நின்று தன் யோக்கியதையை ருசுப்படுத்த வேண்டியிருக்கிறது. பக்கவாட்டில் முகம் திருப்பி வைக்கப்பட்ட இருக்கைக்கு மட்டும் இந்த 20 மடங்குப் பரீட்சையிலிருந்து விலக்கு அளித்திருக்கிறீர்கள். வரும் ஆபத்தை நேரே பார்க்க மறுப்பவரிடம் அரசாங்கம் தாட்சண்யம் காட்டுவது புதிதன்று, மேலே செல்கிறேன்.

என் வீடு தானே ஓடும் ஜாதியைச் சேர்ந்ததன்று. பிக்கப் டிரக்கின் முதுகில் கழுத்தை வைத்துக்கொண்டு பின்தொடரும் ஃபிஃப்த் வீல் வகை. அதன் பின்விளக்குக்கு விதி உண்டு, டயருக்கு விதி உண்டு. உள்ளே சமையல் வாயுவுக்கும் நீர்க்குழாய்க்கும் இலக்கணம் வகுக்க என்.எஃப்.பி.ஏ. 1192 என்னும் தர நூலே உண்டு. நாற்காலி மட்டும் தங்கள் 207ஆம் விதியின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஏனெனில் இழுபடும் வண்டிக்குள் மனிதர் இருக்கமாட்டார் என்பது கொள்கை, மனிதர் இல்லாத இடத்தில் நாற்காலி என்ன செய்தால் என்ன என்பது அக்கொள்கையிலிருந்து பிறந்த வேதாந்தம். ஆயினும் கலிபோர்னியா மாநிலத்தார், பாதுகாப்புக் கண்ணாடியும், உள்ளும் புறமும் திறக்கத்தக்க ஒரு வாயிலும், ஓட்டுநருக்குச் சமிக்ஞை கொடுக்க ஒரு கருவியும் இருக்குமானால் ஃபிஃப்த் வீலுக்குள் மனிதர் பிரயாணம் செய்யலாம் என்று அனுமதித்திருக்கிறார்கள். நாற்காலி தன் மேல் வந்து சாய்ந்துவிட்டது என்பதை உள்ளே இருப்பவர் முன்னே இருப்பவருக்கு உடனுக்குடன் தெரிவித்துக்கொள்ளலாம் என்ற அளவில் இது பெரிய ஆறுதலே.

இனி, நாற்காலியைத் தெரிந்தெடுக்கும் வைபவத்தைச் சற்று விரித்துரைக்க அனுமதி வேண்டுகிறேன். மிச்சிகன் மாநிலத்து மன்றோ என்னும் ஊரில் எட்வர்ட் க்னாபுஷ், எட்வின் ஷூமேக்கர் என்ற உறவினர் இருவர் 1920களின் இறுதியில் மரச் சட்டங்களால் ஒரு சாய்வு நாற்காலி செய்து, லே-ஸி-பாய் என்னும் பெரிய வம்சத்துக்கு வித்திட்டபோது, தம் சிருஷ்டி வீட்டுத் தாழ்வாரத்தில் கிடந்து மனிதனைத் தாங்கும் என்று கருதியிருப்பார்களே அன்றி, மணிக்கு 65 மைல் வேகத்தில் ராக்கி மலைச் சரிவுகளில் இறங்கும் என்று கனவிலும் கருதியிருக்கமாட்டார்கள். வீட்டு நாற்காலி வீட்டு வண்டிக்கு ஆகாது என்னும் முதல் பாடத்தைப் போதிப்பது வாசற்கதவு. அதன் குறுகலில் நுழைய வேண்டுமானால் முதுகுப் பாகம் கழற்றி மாட்டத் தக்கதாக இருக்க வேண்டும். உள்ளே புகுந்தபின் சுவர் வழக்குக்கு வருகிறது. சாமானிய நாற்காலி சாய்வதற்குத் தன் பின்னால் இடம் கேட்கும். சுவரை ஒட்டி நின்று, ஆசனத்தை முன்னால் நகர்த்திக்கொண்டு சாயும் வகை ஒன்று உண்டு, வண்டி நிற்கையில் வெளியே நீட்டி, கிளம்புமுன் உள்ளே இழுத்துக்கொள்ளும் ஸ்லைடு-அவுட் அறைக்குப் பொருந்துவது அதுதான். அடுத்தது எடை. ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்டு, வண்டி சுமக்கத்தக்க பாரத்துக்கு வரம்பு கட்டிக் கதவருகே ஒட்டப்பட்டிருக்கும் மஞ்சள் சீட்டை மதிக்கும் ஒருவர், 100 பவுண்டு நாற்காலி ஒன்றை ஏற்றுவாரானால் 12 காலன் தண்ணீரைத் தியாகம் செய்ய நேரலாம், பாலைவனத்தில் சாய்ந்திருப்பதா குளித்திருப்பதா என்ற பிரச்சினை இவ்வாறு உற்பத்தியாகிறது. மின்சாரத்தால் சாயும் நாற்காலியில் மயங்குவோர் கவனிக்க வேண்டியது வேறு: மின் இணைப்பற்ற வனாந்தரத்தில் பாட்டரி தீர்ந்த இரவில் கால்தாங்கி நீட்டியபடி நின்றுவிட்டால், மனிதர் எப்படியாவது எழுந்துவிடலாம், ஆனால் அறையை உள்ளே இழுக்க முடியாது, அறையை உள்ளே இழுக்காத வண்டி சாலை ஏற முடியாது. ஆடுவதையே சுதர்மமாகக் கொண்ட ராக்கர் நாற்காலியை ஆடும் வீட்டுக்குள் கொண்டு வைப்பவர்களின் வைராக்கியத்தைப் பற்றி நான் பேச வரவில்லை. எனக்கு விற்ற புண்ணியவான் இவற்றுள் ஒன்றையும் வாய்திறந்து சொல்லாமல், கோப்பை வைக்கும் குழிகளைச் சுற்றி நீல விளக்கு எரியும் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். விளக்கு எரிகிறது.

தெரிந்தெடுப்பது கலையென்றால் கட்டுவது சாஸ்திரம். கொக்கி வைத்த ரப்பர் கயிறு நீளும் சுபாவமுடையது. நீளும் வஸ்து நாற்காலியின் புறப்பாட்டைத் தாமதப்படுத்துமே தவிரத் தடுக்காது. பல்சக்கரத்தால் இறுக்கும் ராட்செட் பட்டை நீளாது. ஆனால் அதைப் பூட்ட உறுதியான ஓர் இடம் வேண்டும். தரையில் வளையம் பதிக்கலாமென்று துளைக் கருவியைக் கையிலெடுத்தால், மெல்லிய பலகைக்கு அடியில் நீர்க்குழாயும் மின்கம்பியும் வெப்பக் காற்றுப் பாதையும் எந்த வரைபடத்திலும் காணாத வழிகளில் சஞ்சரிக்கின்றன. குறுக்குச் சட்டம் ஓடும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கேதான் போல்ட் செலுத்த வேண்டும், பலகையை மட்டும் நம்பிய திருகு நாற்காலி கிளம்பும்போது தானும் கூடவே கிளம்பிவிடும். பட்டையின் ஒரு முனையை ஸ்லைடு-அவுட் தரையிலும் மறுமுனையை வண்டியின் நிலைத்த தரையிலும் பூட்டுபவர், அறை நகரும் முன் அவிழ்க்க மறந்தால், பட்டைக்கும் மோட்டாருக்கும் நடக்கும் துவந்த யுத்தத்தைக் காணலாம். கால்தாங்கியோ தனிக்குணம் படைத்தது; சடுதியில் பிரேக் பிடித்தால் தானே விரிந்து எதிரேயுள்ள சமையல் மேடையின் கதவைத் தட்டும்; ஆகையால் அதற்கென்று தனியாக ஒரு பட்டையைச் சுற்றி இறுக்க வேண்டும். அறையை உள்ளே இழுத்தபின் நாற்காலிக்கும் சமையல் மேடைக்கும் நடுவே எஞ்சும் சாண் இடைவெளியில் தலையணையைத் திணித்து, அந்த நெருக்கடியையே கட்டாகக் கொள்ளும் சிக்கனக்காரர்களும் உண்டு. நெருக்கடியால் மட்டுமே நிலைத்து நிற்கும் ஏற்பாடுகள் உலகத்தில் வேறு பலவும் இருப்பதால் அவர்களை நான் குறை கூறவில்லை.

இவ்வளவு சிரமத்தையும் குடிமக்களுக்கு விட்டுவைத்த தாங்கள், இதைத் தீர்க்கும் உபாயத்தையும் தங்களிடமே வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம். அதே 207ஆம் விதியில், வாகனம் ஓடும்போது அமர்வதற்கென்று குறிக்கப்படாத இருக்கையில் அவ்விவரம் தெளிவாகத் தெரியும்படி ஒரு சீட்டு ஒட்டப்பட வேண்டும் என்று கட்டளையிட்டிருக்கிறீர்கள். என்ன சுலபமான மார்க்கம்! 20 மடங்கு விசையைத் தாங்கும் எஃகுச் சட்டம் செய்வதென்றால் செலவு. தாங்கமாட்டேன் என்று எழுதி ஒட்டுவதற்குக் காகிதமும் பசையும் போதும். இருக்கையை மாற்றுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. பெல்ட் வைத்த சோபாவை மோட்டார் ஹோமிலிருந்து கழற்றி எறிந்துவிட்டு, பெல்ட் இல்லாத சாய்வு நாற்காலியை அங்கே வைப்பது, விற்பனைக்காரருக்கும் பழுது பார்ப்பவருக்கும் மத்திய சட்டப்படி விலக்கப்பட்ட செயல். சொந்தக்காரர் தம் கையாலேயே செய்துகொண்டால் அத்தடை அவரைத் தீண்டாது. தொழில் தெரிந்தவன் செய்தால் குற்றம், தெரியாதவன் செய்தால் சுதந்திரம்.

207ஆம் விதியின் அந்தச் சீட்டு மனிதரை நோக்கியே பேசுகிறது, நாற்காலியிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதுதான் என் மனக்குறை. மனிதர் அமரக்கூடாது என்று ஒரு சீட்டு தடுக்கவல்லதானால், நாற்காலி பறக்கக்கூடாது என்று மற்றொரு சீட்டு ஏன் தடுக்கலாகாது? ஆகவே, தாங்கள் கிருபை கூர்ந்து, “இந்நாற்காலி வாகனம் ஓடும்போது தன் இடத்தை விட்டு எழுந்திருக்கக்கூடாது” என்னும் வாசகம் பொறித்த சீட்டுகளை அச்சிட்டு, வீட்டு வண்டிகளின் தலைநகரென்று புகழ்பெற்ற இந்தியானா மாநிலத்து எல்க்ஹார்ட்டில் உள்ள தொழிற்சாலைகளுக்கெல்லாம் அனுப்பிவைக்க வேண்டுகிறேன். அவ்வாறு செய்யுமிடத்து, ஒரு பிரதியை நாற்காலியின் முதுகிலும், கவிழ்ந்து கிடக்கும் நிலையில் வாசிப்பதற்கு வசதியாக மற்றொரு பிரதியை அடிப்பாகத்தில் தலைகீழாகவும் ஒட்டும்படி உத்தரவாகட்டும்.

இங்ஙனம்,
ராட்செட் பட்டையைக் கையில் பிடித்தபடி,
இழுபடும் வீட்டின் சொந்தக்காரன்.